பலகைக்கு இந்தப் பக்கம் அரை மைல்

மார்வின் நகர நூலகம், கான்சஸ்
பிப்ரவரி 13, வியாழன், பிற்பகல் மூன்றரை

அன்புள்ள வெஸ்லிக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை டெஸ்ஸா எழுதும் கடிதம் இது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா வேலைக்குப் போகும் முதியோர் இல்லத்தின் பின்வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள், மாவுக்கட்டு போட்டிருக்கிறது, அதனால்தான் பேனா என் கையில் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் சொல்வது. மற்றதெல்லாம் அம்மா சொல்வது.

கண்ணா, நீ அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல், கால் கொப்புளம் ஆறி, வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன், சாப்பிட உட்காரும்போது உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆமென் சொல்கிறோம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். (இதைச் சொல்லிவிட்டு அம்மா நான் எழுதியதை எட்டிப் பார்த்தாள். பிறகு "அந்த வரிய அடிச்சிடு" என்றாள். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடிக்கச் சொன்னாள் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும்.) பசுக்கள் ஈன ஆரம்பித்துவிட்டன, இதுவரை பதினொரு கன்று, அதில் ஒன்று குளிர் தாங்காமல் போய்விட்டது, உன் கென்னி மாமாதான் காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்கிறான், வந்தவன் என் சமையலறையில் இருக்கிற ரொட்டியையெல்லாம் தின்றுவிட்டுத்தான் போவான். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் குழு தொடர்ந்து ஏழாவது ஆட்டத்தையும் தோற்றுவிட்டது, நீ இருந்திருந்தால் ஆறோடு நிறுத்தியிருப்பாய் என்று பயிற்சியாளர் சொன்னார். உனக்கு ராணுவப் பயிற்சி முகாமில் போன் கிடையாது, காகிதக் கடிதம் மட்டும்தான் என்றபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போது அதுவும் நல்லதுதான் என்று படுகிறது, ஏனென்றால் இதை உன்னிடம் போனில் சொல்ல என்னால் முடியாது, நீ "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

மூன்று கடிதத்திலும் அப்பா ஏன் எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறாய், நான் மூன்று தடவையும் கன்று, பனி, வேலை என்று எழுதினேன். அது உண்மையில்லை. லைல் ஹோல்ம் இறந்த நாளிலிருந்து அப்பா சரியாக இல்லை. அக்டோபரில் அன்றைக்கு நீயும் அங்கே நின்று தடுப்புப் பலகை தூக்கிக் கொடுத்தாய், லைல் தன் தகரக் குதிருக்குள் கட்டிதட்டிப்போன மக்காச்சோளத்தை உடைக்க இறங்கி மார்பு வரை புதைந்ததும், அபாயச் சங்கு கேட்டு நம் ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருக்கிற பதினான்கு பேரும் கதிர் அறுக்கிற இயந்திரங்களை வயலில் அப்படியே விட்டுவிட்டு ஓடியதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ மேலே ஏறவில்லை. அப்பாதான் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, சோளத்தின் மேல் குப்புறப் படுத்து, லைலின் கக்கத்தில் கை கொடுத்து ஒரு மணி நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சோளம் சரிந்தபோதும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நீ ஜனவரியில் கிளம்பின அன்று முகம் மழித்து, சட்டையை உள்ளே விட்டு, உன்னோடு சிரித்துப் பேசினாரே, அது அவர் மூன்று நாள் சேர்த்துவைத்த தெம்பு. நீ போனதும் இயந்திரக் கொட்டகைக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை. தூக்கம் கிடையாது. குதிர் இருக்கிற பக்கம் போவது கிடையாது. கென்னி வேட்டைத் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லி எடுத்துப்போக வந்தான், அப்பா வாளியில் இருந்தபடியே "எடுத்துட்டுப் போ கென்னி, சுத்தம் பண்றேன்னு மட்டும் சொல்லாத, நீ உன் பல்லயே ஒழுங்கா சுத்தம் பண்றதில்ல" என்றார். கென்னி சிரித்துவிட்டு வெளியே வந்து என் முன்னால் அழுதான்.

நான் சும்மா இருக்கவில்லை வெஸ்லி, அது உனக்குத் தெரிய வேண்டும். நவம்பரிலேயே அப்பாவை ஊர் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை நான் தரேன் ஜோலீன், ஆனா இவருக்கு வேண்டியது மாத்திரை இல்ல, லைசென்ஸ் வாங்கின மனநல சமூகப் பணியாளர், வாராவாரம் உக்காந்து பேசணும், நம்ம மாவட்டத்துக்கே அது ஒருத்தர்தான், அது யாருன்னு உனக்கே தெரியும்" என்றாள். தெரியும். லைலின் மனைவி கார்லா. இருபது வருஷமாக விதைக் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறையில் நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேரின் பாரத்தைக் கேட்டவள் அவள்தான். யாருடைய வண்டி எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே செய்தித்தாள், அதனால் எல்லோரும் விதைக் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, விதை வாங்குகிற மாதிரி உள்ளே போய்ப் பின்கதவு வழியாகக் கார்லாவிடம் போவார்கள், கடைக்காரர் ரோஜர் ஒரு நாளும் ஒருவரையும் பார்த்ததாகச் சொன்னதில்லை, ஜனவரி மாதத்தில் எவன் விதை வாங்குவான் என்று ஒருவரும் கேட்டதில்லை. லைலைப் புதைத்த மறுநாள் அவள் அறையைப் பூட்டினாள். அதோடு இந்த ஊரில் கேட்க ஆள் இல்லை. பாஸ்டர் வென்டல் வீட்டுக்கு வந்து அப்பாவோடு கொட்டகையில் உட்கார்ந்தார், நல்ல மனிதர், ஆனால் அன்று சோளத்தை வெளியே விடக் குதிரின் தகரத்தை ரம்பத்தால் அறுத்தவரும் அவர்தான், கால் மணி நேரத்தில் அப்பா அவரைத் தேற்றி அனுப்பிவைத்தார். "இந்த ஊர்ல யார்கிட்டப் போனாலும் அவங்களும் அன்னைக்கு அங்கதான் நின்னாங்க ஜோலீன்" என்றார் அப்பா.

பிறகு நான் போனை எடுத்தேன். வேலை இடைவேளையில், முதியோர் இல்லத்துத் துணி வைக்கிற அறையில் நின்றுகொண்டு, டிசம்பர் முழுக்கக் கூப்பிட்டேன். கிழக்கே எண்பது மைலில் இருக்கிற மருத்துவமனையில் ஜூன் வரை இடமில்லை. இன்னொருத்தி குழந்தைகளை மட்டும் பார்ப்பாளாம். இன்னொருவர் ஓய்வு பெற்று அரிசோனா போய்விட்டார், அவர் குரல் மட்டும் இயந்திரத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, நான் தெரியாமல் அந்தக் குரலிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். (இது எனக்கே இப்போதுதான் தெரியும்.) குளிர்பெட்டி மேல் ஒட்டிவைத்திருக்கிறேனே, சாக நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய மூன்று இலக்க எண், அதிலும் அப்பாவைப் பேச வைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், பேசிவிட்டு அன்றைக்கு அப்பா தூங்கக்கூடச் செய்தார். ஆனால் "ஒவ்வொரு தடவையும் வேற ஆளு வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் நான் லைல முதல்ல இருந்து உள்ள எறக்க வேண்டியிருக்கு" என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மளிகைக் கடையில் கார்லாவைப் பார்த்தேன். பன்றித்தொடை அடுக்கியிருந்த பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள், நான் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு மாவுப் பக்கம் நழுவப் பார்த்தேன். "ஓடாத ஜோலீன், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்" என்றாள். அப்புறம் அப்பாவைப் பற்றி, டுவைன் எப்படி இருக்கான் என்று கேட்டாள். நல்லா இருக்கார் என்றேன். "இந்தப் பொய்ய இருபது வருஷமாக் கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன், எங்கிட்டயே சொல்றியா" என்றாள். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் அவனுக்கு வைத்தியம் பாக்கக் கூடாது, எங்க தொழில்ல சட்டம் அப்படி. சட்டம் சரின்னு சொன்னாலும் என்னால முடியாது, அவன் கையப் பாத்தா எனக்கு லைலோட சட்டைதான் தெரியும்" என்றாள். பிறகு பையைத் துழாவி, மளிகைப் பட்டியலின் பின்பக்கம் தன்னோடு படித்த டெனிஸ் ஓடம் என்பவளின் பெயரை எழுதிக் கொடுத்தாள், கான்சஸில் இருக்கிறாள், ஏதோ ஒரு நிறுவனத்துக்காகக் கணினியில் முகம் பார்த்துப் பேசுகிறாள், லைசென்ஸ் உண்டு, நான் சொன்னேன் என்று சொல் என்றாள். அந்தச் சீட்டை அப்பா ஒரு வாரம் தொடவில்லை. "நான் காப்பாத்தாம விட்டவனோட பொண்டாட்டி எனக்கு வைத்தியம் தேடித் தரணுமா" என்று ஒரே வார்த்தை. கடைசியில் டெஸ்ஸாதான் சீட்டைப் புத்தகக் குறி மாதிரி அவருடைய மாட்டுக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தாள். (வைத்தேன். அப்பா அந்தப் புத்தகத்தைத் தினமும் திறப்பார்.)

அவர் சம்மதித்த முதல் நாள் நம் சமையலறை மேசையில்தான் கணினியைத் திறந்துவைத்தோம். திரையில் மிஸ் ஓடம் வந்தாள், நரைத்த தலை, கண்ணாடி, பின்னால் ஒரு பூனை. முதல் கேள்வியே இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். நெப்ராஸ்கா, எங்கள் வீடு என்றார் அப்பா. அவள் முகம் வாடிவிட்டது. அவளுடைய உரிமம் கான்சஸுக்கு மட்டும்தானாம், அவள் எங்கே இருக்கிறாள் என்பது கணக்கில்லை, பேசுகிற நேரத்தில் அப்பா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கணக்காம், நெப்ராஸ்கா உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், வர மாதக்கணக்காகும், அதுவரை கான்சஸ் மண்ணில் இருந்தால் பேசலாம் என்றாள். அப்பா சிரித்தார் வெஸ்லி, அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. "அப்போ எல்லையத் தாண்டினா என் பைத்தியம் தெளியும், இந்தப் பக்கம் இருந்தா தெளியாதா? எங்க அப்பா கான்சஸ்காரன்கிட்ட மாடுகூட வாங்க மாட்டார்" என்றார். அவளும் சிரித்தாள். அப்படித்தான் வியாழன்தோறும் இருபத்திரண்டு மைல் வந்து, இந்த மார்வின் நகர நூலகத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, நூலகத்தின் இணையத்தில் போனை வைத்துக்கொண்டு அப்பா பேசுவார், நானும் டெஸ்ஸாவும் உள்ளே இருப்போம். இங்கே நம் வண்டியை அடையாளம் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை, அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே, டெஸ்ஸாவிடம் என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டார். அன்றைக்கு நான்கு மணி நேரம் தூங்கினார். மறுநாள் கீல் விட்டுப் போன வடக்குக் கதவைச் சரிசெய்தார். நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்படுகிற வரி இதுதான்.

போன வியாழன் பனிப்புயல் அடித்தது. பள்ளிக்கூடம் விடுமுறை, எனக்கு மாவுக்கட்டு புதுசு, அப்பா தனியாகத்தான் கிளம்பினார். ஆற்றைத் தாண்டியதும் கான்சஸ் எல்லைப் பலகைக்கு அரை மைல் முன்னால் சாலையில் இடுப்பளவு பனி குவிந்து வழி அடைத்திருக்கிறது. மணி மூன்றரை. அங்கே போனுக்கு அலை கிடைத்தது. கூப்பிட்டார். மிஸ் ஓடம் எப்போதும் போல எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். உன் அப்பா சொன்னது இதுதான், வார்த்தை மாறாமல் எனக்கு வந்து சொன்னார். "நெப்ராஸ்காவுலதாங்க இருக்கேன். பலகை கண்ணுக்குத் தெரியுது, அரை மைல் இருக்கும். வேணும்னா நடந்து வரட்டுமா?" நடந்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறார் வெஸ்லி, அந்தப் பனியில். நடந்துபோனால் அலை கிடைக்காது என்பது வேறு. வண்டியை விட்டு இறங்காதீர்கள் என்று அவள் பதறியிருக்கிறாள். சட்டப்படி அங்கேயே பேச்சை முடித்திருக்க வேண்டும். ஆனால் அவர் குரலில் எதையோ கேட்டிருக்கிறாள், "இப்படி ஒரு குரல்ல நீங்க இருக்கும்போது நான் போனை வைக்க மாட்டேன்" என்று சொல்லி முழு நேரமும் பேசினாள். பேசிவிட்டு, தன் குறிப்பேட்டில், ஆள் இருந்த இடம் நெப்ராஸ்கா என்று உள்ளதை உள்ளபடி எழுதிவைத்தாள்.

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் கத்தினேன். "கான்சஸ்னு ஒரு வார்த்த சொன்னா உன் நாக்கு அழுகிடுமா டுவைன்? பனிக்கு எந்தப் பக்கம் எந்த மாநிலம்னு தெரியுமா? யார் வந்து டேப் பிடிச்சு அளக்கப் போறா?" என்றேன். அவர் பனிக்காலணியைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தரையெல்லாம் தண்ணீர். பிறகு, இத்தனை மாதத்தில் என்னிடம் சொல்லாததைச் சொன்னார். "லைல்கிட்ட நான் ஒண்ணு சொன்னேன் ஜோலீன். தலையும் தோளும் மட்டும் வெளிய இருந்துச்சு. பத்து நிமிஷம்டா, வெளிய வந்துடுவ, கார்லா சாப்பாட்ட எடுத்து வச்சிருப்பான்னு சொன்னேன். அவன் நம்பினான். நம்பித் திமிர்றத நிறுத்திட்டான். பக்கத்துல சோளம் செவுரு மாதிரி வெடிச்சு நிக்குது, எப்ப வேணா சரியும்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அதுதான் அவன் கடைசியாக் கேட்டது. இனிமே அரை மைலுக்குக்கூட என்னால பொய் சொல்ல முடியாது." நான் தரையைத் துடைத்தேன். அந்த மனிதரிடம் நான் மூன்று மாதமாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, நல்லா இருக்கேன் என்று அவர் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

(மணி நான்கு இருபது. நூலகத்தின் ஜன்னல் வழியாக நம் வண்டி தெரிகிறது. அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார், ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையும் வண்டியின் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. எஞ்சின் ஓடவில்லை. அம்மா எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலில் நிற்கிறாள், அதனால் எழுத ஒன்றும் இல்லை. அப்பா நான்கு முப்பத்தைந்துக்கு இறங்கினார்.)

(அப்பா உள்ளே வந்ததும் அம்மா அவரிடம் போய்விட்டதால் இனி நான் பார்ப்பதையும் கேட்பதையும் எழுதுகிறேன். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பயணப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கிறார். "முடிஞ்சு போச்சு" என்றார். மிஸ் ஓடம் போன வாரம் எழுதிவைத்த குறிப்பை அவளுடைய நிறுவனத்தில் படித்திருக்கிறார்கள். நெப்ராஸ்காவில் குடியிருக்கும் ஆளை இனி அவள் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், எல்லையைத் தாண்டி வந்தாலும் கூடாது, இதுதான் கடைசி. "உன்ன மாதிரியே இன்னொரு மடச்சி" என்றாள் அம்மா. "யாரு எழுதச் சொன்னா அவள?" அப்பா, "உள்ளது அதுதான ஜோலீன், அவ வேற என்னத்த எழுதுவா" என்றார். பிறகு போனை நீட்டினார். நிறுவனத்திலிருந்து அவருக்கு ஒரு பட்டியல் வந்திருக்கிறது, நம் அஞ்சல் எண்ணைப் போட்டு, பக்கத்தில் யார் யார் உரிமத்தோடு இருக்கிறார்கள் என்று தேடிய பட்டியல். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். "மொதப் பேரு படி" என்றார் அப்பா. அம்மா படிக்கவில்லை. அப்பாவே சொன்னார். "கார்லா ஹோல்ம். ரெண்டு மைல். புதுசா ஆள் எடுத்துக்கிறாங்களாம்." சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த பெயர் எண்பது மைல். அது ஜூன் வரை இடமில்லாத இடம்.)

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் மிஸ் ஓடம் அம்மாவை ஐந்து நிமிடம் வண்டிக்குள் வரச் சொல்லி, போன் வழியாகவே, அப்பாவை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தந்தாள். சுற்றி வளைக்காமல், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அதே வார்த்தையில் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், கென்னி மாமாவைக் கூப்பிட்டு, எண்பது மைல் ஆனாலும் மருத்துவமனைக்கு வண்டியை எடுக்க வேண்டும். அம்மா இதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தினமும் காத்திருந்தேன். கேட்க வாயெடுப்பாள், "முட்ட வேகவைக்கட்டுமா" என்று கேட்டுவிடுவாள். இப்போது நூலகத்தின் நடுவில், மாவுக்கட்டுப் போட்ட கையால் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "டுவைன், செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணுதா?" மெதுவாகக்கூடக் கேட்கவில்லை. மேசையில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்த நூலகர் மிஸஸ் ப்ராட் கையை அப்படியே நிறுத்திவிட்டார். அப்பா அலமாரியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், பொய்யில்லாத பதிலைத் தேடுகிற மாதிரி இருந்தது. "நேத்துத் தோணுச்சு" என்றார். "இன்னைக்கு இல்ல. நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது." அம்மா, "நாளைக்கும் கேப்பேன்" என்றாள். "கேளு" என்றார். "நாளான்னைக்கும் கேப்பேன்." "கேளு ஜோலீன். நான் உள்ளதச் சொல்றேன். அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு." பிறகு வண்டியைச் சூடுபண்ணுகிறேன் என்று வெளியே போனார். அம்மாவும் கதவு வரை போய், அவர் எஞ்சினைப் போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இதையெல்லாம் எழுதினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். கிழித்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். "இருக்கட்டும்" என்றாள்.)

வெஸ்லி, டெஸ்ஸா எழுதியதைப் படித்திருப்பாய். இதற்கு மேல் உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. லீவு கேட்டு ஓடி வா என்று நான் எழுதவில்லை, நீ வந்தாலும் உன் முன்னால் தெம்பாக நிற்க அப்பா இன்னொரு மூன்று நாள் சேர்த்துவைப்பார், அவ்வளவுதான், அந்தச் செலவு அவருக்குத் தாங்காது. நாளைக் காலை மறுபடியும் போனை எடுப்பேன், ஜூன் மாதத்துக்குப் பெயர் கொடுத்துவைப்பேன், ஜூனுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ண மாட்டேன். எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இன்றைக்கு இல்லை, அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேட்டால் அவர் பொய் சொல்ல மாட்டார், அதனால் கேட்காமல் ஒரு காலையையும் விட முடியாது, இனிமேல் எனக்கு அதுதான் வேலை. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், உன் பாதங்களும் மூச்சும் உறக்கமும் அவர் கையில் பத்திரமாக இருக்கட்டும், உன் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. மறக்காமல் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, இங்கே எல்லாம் நலம், நீங்களும் நலம் என்று நம்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. அங்கே உனக்கு எது பயமாக இருக்கிறதோ அதை எழுது. அதற்கு அவர் பதில் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

உன்னைச் சுமந்து பெற்ற அம்மா,
ஜோலீன் குசேரா
(இடது கையால் அவளே போட்ட கையெழுத்து. கோணலாக இருந்தாலும் அவளுடையதுதான்.)

(எழுதியது டெஸ்ஸா. மணி ஐந்து. மிஸஸ் ப்ராட் எங்களை அவசரப்படுத்தாமல் பின் அறையிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார், இப்போது எங்கள் மேசைக்கு மேலே இருந்ததையும் அணைத்துவிட்டார்.)